நாலு வரி விளம்பரம்

"கதை எழுதுகிறவனுக்கு ஒரு விளம்பரம் எழுத வராதா?" என்று பெண்ணாடத்து மாமா கேட்டபோது எனக்கு உள்ளூறப் பெருமையாகத்தான் இருந்தது.

விற்க வேண்டிய சரக்கு அவருடைய எம்.ஜி. கார். எம்.ஜி. என்றதும் சினிமாவுக்குப் போய்விடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம் அது. யுத்தம் ஓய்ந்த 1945 முதல் 1949 வரை, ஆபிங்டன் தொழிற்சாலையில் சுமார் 10,000 'டி.சி.' ரகக் கார்கள் செய்தார்கள். இரண்டு பேர் உட்காரலாம். எஞ்சின் 1,250 சி.சி. முன்கண்ணாடியை மடக்கிப் படுக்கவைத்தால் காற்று முகத்தில் அறையும்.

தகட்டுக்கு உள்ளே இருப்பது மரச்சட்டம். இங்கிலாந்து ஆஷ் மரம். நெல் மில் கொட்டகையில் கிடந்த மாமாவின் வண்டியில் அதைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. மாட்டு வண்டி செய்து வந்த உள்ளூர் ஆசாரி ஒருவர், உளுத்த துண்டுகளை அளவு பார்த்துத் தேக்கில் இழைத்துக் கொடுத்தார். வண்டி ஓட ஆறு வருஷமாயிற்று.

இப்போது அத்தைக்கு இருதய ஆபரேஷன். அதனால்தான் விற்பனை.

"அசல் கெடாத 1948 மாடல்" என்று எழுதிக் காட்டினேன்.

"தேக்கைப் பற்றி ஒன்றும் இல்லையே?" என்றார் மாமா.

"சொன்னால் விலை குறையும், மாமா."

அவர் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் பிரளயகாலேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்த விமானம். தூங்கானை மாடம் என்றே அதற்குப் பெயர்.

"எத்தனை திருப்பணி பார்த்திருக்கும் இது! யாராவது மறைக்கிறார்களா? செய்தவன் பேரைக் கல்லிலேயே வெட்டி வைக்கிறார்கள். நம் ஆசாரி என்னடா பாவம் பண்ணினார்?"

திரும்பி வந்து மாற்றி எழுதினேன். நாலாவது வரி: "மரச்சட்டம் புதிது, தேக்கு, பெண்ணாடத்து ஆசாரி வேலை."

கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் அந்த வரியைக் காட்டியே விலையை இறக்கினார். எவ்வளவு என்று சொல்லமாட்டேன். அத்தை இதைப் படிப்பாள். குறைந்ததற்குக் கடன் வாங்கினோம்.

வண்டி லாரியில் ஏறியபோது மாமா வெளியே வரவில்லை. ஆசாரிதான் வந்து நின்றார். கதவை ஒரு தரம் திறந்து சாத்திப் பார்த்தார். சத்தமில்லாமல் பொருந்தியது.