இருபது நாளா, ஏழரைக் கிழமையா?

பெரியப்பாவுக்குப் புரஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்த கிழமையே வீட்டில் 'கரண்ட் பிடிக்கிற' கதை தொடங்கிவிட்டது. வெங்காயம் கிண்டுகிற நேரம் வேறு. எத்தனை நாள் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

பழைய முறையில் 74 கிரே கதிரை 37 தரமாகப் பிரித்துக் குடுப்பார்கள். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் ஏழரைக் கிழமை. ஏழரை என்றதுமே மனுசன் எழும்பிவிட்டார்! நோய் சுரப்பியை விட்டுப் பரவாத 3,000க்கு மேற்பட்ட ஆண்களோடு பிரித்தானியாவில் தொடங்கிய ஆய்வொன்று, 60 கிரேயை 20 தரத்தில் குடுத்தாலும் பலன் குறையாது என்று 2016இல் காட்டியது. பெறாமக்கள் நாங்கள் மூன்று பேரும் அதை வைத்துத்தான் டாக்குத்தரிடம் கேட்டோம். சுரப்பிக்குள்ளேயே கதிர்வீசும் விதைகளை வைக்கிற முறையும் இருக்கு. அது எல்லாருக்கும் பொருந்தாது.

ஒவ்வொரு நாளும் தண்ணி குடித்து, சலத்தை அடக்கிக்கொண்டு படுக்கவேணும். சலப்பை நிரம்பியிருந்தால் அதில் பெரும்பகுதி கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்கும். நோகாது, சில நிமிசம்தான். பிறகு அடிக்கடி சலம் போகலாம், மலவாசல் எரியலாம், காலப்போக்கில் ஆண்மை தளரலாம். எங்கட வீடுகளில் இந்தக் கடைசி விசயத்தை ஆர் வாய்திறந்து கதைக்கினம்? எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்கிறதில் அதுக்கும் பங்கு இருக்கு.

20 தரம் சரிவரும் என்றார் டாக்குத்தர். "பெடியள், கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றார் பெரியப்பா. கதவைச் சாத்திப்போட்டு நல்ல நேரம் கதைத்தார்.