வயலில் ஒரு தூளி

‘டென்ட் கேம்ப்’னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கொடைக்கானல், கேம்ப் ஃபயர், ஒரு கிடார், அதை வாசிக்கத் தெரியாத ஒரு ஃப்ரெண்ட்! இந்த லீவுல எங்க செட் அப்படி ஒரு ப்ளான் போட்டப்போ, “பாப்பாவைத் தூக்கிட்டு நானும் வரட்டுமா?”ன்னு எங்க அக்கா கேட்டா. பாப்பாவுக்கு எட்டு மாசம். “பச்சப் புள்ளைய வெட்டவெளியில படுக்க வைப்பியா?”ன்னு அம்மா போட்ட சத்தத்துல ப்ளான் அங்கேயே க்ளோஸ்.

இதுல காமெடி என்னன்னா, அதே நேரத்துல எங்க வயல்லயே ஒரு குடும்பம் கைக்குழந்தையோட வெட்டவெளியில தங்கியிருந்துச்சு. அவங்களுக்கு ஊறுகாய் கொடுத்து அனுப்பினதும் எங்கம்மாதான்!

தஞ்சாவூர்ப் பக்கத்து மக்களுக்கு இவங்களைத் தெரியும். கீதாரிகள். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்த பிறகு வயல் சும்மா கிடக்கும். அப்போ ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து செம்மறி ஆடுகளை ஓட்டிக்கிட்டு வருவாங்க. பகல்ல மேய்ச்சல். ராத்திரி ஒரு வயல்ல வலை கட்டி மொத்த ஆட்டையும் அடைப்பாங்க. அதான் கிடை. விடியறதுக்குள்ள புழுக்கையும் மூத்திரமுமா வயலுக்கு உரம் ரெடி. ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’னு அப்பா அடிக்கடி சொல்வார். மறுநாள் கிடை பக்கத்து இடத்துக்கு நகரும். பேடன் பவல் 1907-ல பிரௌன்சி தீவுல பசங்களை வச்சு கேம்ப் போட்டதைச் சாரணர் இயக்கத்தோட ஆரம்பம்னு படிக்கிறோம். இவங்களுக்கு அது அட்வெஞ்சர் இல்லை, பொழப்பு.

சாயங்காலம் அப்பாகூட நானும் போனேன். வரப்போரப் புங்கமரத்துல பழைய சேலைத் தூளி. பக்கத்துல கவிழ்த்து வச்ச கூடை மாதிரி கொடாப்பு, உள்ளே ஆட்டுக்குட்டிங்க. தூளிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தா, கொடாப்புக்குள்ளிருந்து பதில் வருது! பையன் தவழுற வயசு. கால்ல கொலுசு. அழகுக்குன்னு நினைச்சேன். “இருட்டுல எந்தப் பக்கம் போறான்னு தெரியணும்ல?”ன்னு சிரிச்சாங்க அவனோட அம்மா. அவங்களுக்கு 22 வயசு. என்னைவிட ரெண்டே வயசு மூத்தவங்க!

“பயமா இல்லையாக்கா?”

“பாம்பு, நரியெல்லாம் நாய் பாத்துக்கும். கோடை மழைதான் பயம். இடி இறங்கும்போது மரத்தடிக்கும் போகக் கூடாது, வெட்டவெளியிலயும் நிக்கக் கூடாது. புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க ஓடுறது?”

மோட்டார் கொட்டகையை அப்பா ஏன் ராத்திரியில பூட்டறதில்லைன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

பேசிக்கிட்டே இருந்தவங்க, மஞ்சப்பையிலிருந்து பாலிதீன்ல சுத்தின ஒரு அட்டையை எடுத்தாங்க. தடுப்பூசி அட்டை. “ஒம்போது மாசம் முடிஞ்சிருச்சு, ஊசி போடணுமாம். இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரு.” அடுத்து வரவேண்டியது தட்டம்மை-ரூபெல்லா ஊசி, கூடவே வைட்டமின் ஏ சொட்டு. இதுக்கு முன்னாடி கிடை போட்ட ஊர்ல கேட்டதுக்கு, “உங்க ஊர்ல போய்ப் போட்டுக்கம்மா”ன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். ஊருக்குப் போறது ஐப்பசியிலதான். இன்னும் அஞ்சு மாசம்! நிஜத்துல எந்த ஊர் அட்டையா இருந்தாலும், எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இந்த ஊசியைப் போட்டுக்கலாம், இலவசமா. அதைச் சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை.

எங்க ஊர்ல தடுப்பூசிக்குப் புதன்கிழமை. அன்னிக்கு ஞாயிறு. எங்க வயல்ல கிடை திங்கள் ராத்திரியோட முடியுது. செவ்வாய்க்கிழமை விடிஞ்சா அடுத்த ஊர்க்காரர் வயலுக்குப் போகணும். பேச்சு கொடுத்தாச்சு, முன்பணமும் வாங்கியாச்சு. குழந்தைக்காக நூத்துக்கணக்கான ஆடு காத்திருக்குமா?

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. ‘கிடைக்கு யார் காசு கொடுக்கிறது?’ன்னு அம்மா முகத்துல கேள்வி. காலையில அப்பாவே போய், “அண்ணே, கிழக்குக் கொல்லையிலயும் ரெண்டு ராத்திரி கட்டிருங்க”ன்னார். அடுத்த ஊர்க்காரருக்கு போன் போட்டு ரெண்டு நாள் தள்ளி வச்சதும் அவர்தான். சண்டை போட்டுத்தான் தள்ளி வச்சார்!

புதன்கிழமை என் ஸ்கூட்டியில அம்மாவும் பிள்ளையும். கூட்டத்துல முதல் ஆளா எங்க அக்கா, பாப்பாவுக்கு எடை பார்க்கன்னு சொல்லிக்கிட்டு. நர்ஸம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஒரு கேள்வியும் கேட்கலை, ஊசி போட்டாங்க. பையன் அலறின அலறல்ல கொலுசு தனியா ஆடுச்சு.

“அடுத்த ஊசி பதினாறு மாசத்துக்கு மேல”ன்னு அட்டையில எழுதிக் கொடுத்தாங்க. அந்த அக்கா அங்கேயே நின்னு விரல்விட்டு எண்ணினாங்க.

“மார்கழி வருது. அப்ப நாங்க ஊர்ல இருப்போம்.”