வெங்காயத் தோலும் உவர்க் கிணறும்

வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து உயிரியல் ஆய்வுகூடம். உயர்தரப் பிள்ளைகள் சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள். அறை முழுதும் காரம். பின்வாங்கில் சும்மா இருக்கும் என் கண்ணும் கலங்குகிறது.

இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி சாமணத்தால் ஊதாத் தோலை மெல்ல இழுக்கிறாள். கிழிகிறது. மறுபடி இழுக்கிறாள். கண்ணாடித் துண்டில் அதை விரித்து, சீனிக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, நுணுக்குக்காட்டியில் குனிகிறாள்.

“என்ன பிள்ளை தெரியுது?”

“சுருங்குது சேர். சுவரை விட்டிட்டு உள்ளுக்கு ஒதுங்குது.”

“நிறம் வெளியால வருதோ?”

“இல்லை சேர். இன்னும் கடுமையாகுது.”

அந்த ‘இல்லை’க்காகத்தான் அவர் காத்திருந்திருக்கிறார். தண்ணீர் போய்விட்டது, சாயம் போகவில்லை. சாயம் கிடப்பது கலத்தின் நடுப் புன்வெற்றிடத்தில். அதைச் சுற்றி ஒரு மென்சவ்வு, அதற்கும் வெளியே கலத்தின் மென்சவ்வு. இரண்டையும் இந்த நுணுக்குக்காட்டி காட்டாது. தடிப்பு 10 நனோமீற்றர்கூட வராது. ஆகவே வெண்கட்டியை எடுக்கிறார். இரண்டு வரிசைப் பொசுபோலிப்பிட்டு. நீரை நாடும் தலைகள் இரு புறமும், நீருக்கு ஒதுங்கும் வால்கள் நடுவில், இடையிடையே மிதக்கும் புரதங்கள்: சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் சொன்ன பாய்மச் சித்திர மாதிரி. ஒட்சிசன் தானாக நுழையும். நீருக்குப் புரத வழிகளும் உண்டு. உப்பின் அயன்களோ புரதத்தின் தயவில்லாமல் கடக்கா. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தள்ளக் கலம் சக்தி செலவழித்தாக வேண்டும்.

பக்கத்து மேசைப் பொடியன் தன் தோலைக் கொதிநீரில் போட்டுவிட்டான். நீர் ஊதாவாகிறது. வெந்த மென்சவ்வு எதையும் மறிக்காது.

பின்னல்காரி இப்போதுதான் நிமிர்கிறாள். “சேர், எங்கட கிணறு உவராப் போச்சுது. அப்பா இறைச்சு இறைச்சு விட்டும் வெங்காயத்தாள் வாடுது. உதுதானோ?”

“ஓம் பிள்ளை. வேரடியில உப்புக் கூடினால் தண்ணி உள்ளுக்கு ஏறாது. மிஞ்சினால் வேரில இருக்கிறதும் வெளியால வந்திடும்.”

பாடத்திட்டம் அதோடு கைவிடப்படுகிறது, நல்லது. வற்றாத ஆறில்லாத குடாநாடு, சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர், மிதமிஞ்சி இறைத்தால் மேலேறும் உவர் என்று போய்த் தாளையடியில் நிற்கிறார். 2024இல் அங்கே திறந்த உப்பகற்றும் நிலையம் கடல்நீரை அமுக்கத்தால் சவ்வினூடாகத் தள்ளி, இயல்பான ஓட்டத்தையே திருப்புகிறது. கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர்.

“அந்தத் தண்ணி வெங்காயத்துக்குக் கிடைக்குமோ சேர்?”

“அது குடிக்கிறதுக்கு, பிள்ளை.”