ஆசிரியர் ஒருவர் அதிபரானார்



தோட்டத்துப் பிள்ளை எவ்வளவு உயரம் செல்லக்கூடும் என்று கேட்போருக்கு நாம் எடுத்துக்காட்டும் பெயர்களுள் ஒன்று தேவன் நாயர்.

அவர் 1923ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் மலாக்காவில் பிறந்தார். தலைச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்ட தந்தையார், ரப்பர் தோட்டத்தில் கிராணியாகப் பணியாற்றியவர். பிள்ளைக்குப் பத்து வயதானபோது குடும்பம் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கற்றுத் தேர்ந்து ஆசிரியரான தேவன் நாயர், 1949இல் சிங்கப்பூர் ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்தமையால் 1951இல் சிறை சென்றார். 1956இல் மீண்டும் சிறைப்பட்டு, 1959இல்தான் விடுதலை பெற்றார்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பிரிக்பீல்ட்ஸை அடுத்துள்ள பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாயிருந்த இடம். 1964ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியின் சார்பில் அத்தொகுதியில் நின்று அவர் வென்றார். தீபகற்பத்தில் அக்கட்சிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுவே. 1965இல் சிங்கப்பூர் பிரிந்த பின்னரும் இங்கேயே தங்கி, ஜனநாயகச் செயல் கட்சி தோன்றுவதற்கு முன்னின்றார்.

பின்னர்ச் சிங்கப்பூர் திரும்பித் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை வழிநடத்தினார். கூலி உயர்வு கேட்பதோடு தொழிற்சங்கத்தின் கடமை முடிந்துவிடாது என்பது அவர் கருத்து. 1970இல் தொழிலாளர்க்கென ஒரு காப்புறுதிக் கூட்டுறவும், வாடகைக்கார் ஓட்டுநர்க்கென ஒரு கூட்டுறவும் எழுந்தன. 1973இல் மலிவு விலைப் பேரங்காடி திறக்கப்பெற்றது. துன் சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததை அறிந்த நமக்கு, இதன் அருமை எளிதில் விளங்கும்.

1981ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23ஆம் நாள் அவர் சிங்கப்பூரின் மூன்றாவது அதிபரானார். ஆனால், 1985ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் அப்பதவியைத் துறந்தார். குடிப்பழக்கமே காரணம் எனப் பிரதமர் லீ குவான் இயூ நாடாளுமன்றத்தில் அறிவித்தார். பின்னாளில் தேவன் நாயர் அதனை மறுத்துரைத்தார். கனடாவில் குடியேறிய அவர், 2005ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

இவ்வரலாற்றை ஆறாம் ஆண்டு மாணவர்க்கு நாம் எடுத்துரைத்தபோது, குடி என்னும் சொல்லைக் கேட்டதும் சில பிள்ளைகள் தலைகுனிந்தனர். காரணத்தை நாம் அறிவோம். மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அவர் நல்லவரா, கெட்டவரா?" என்று வினவினாள். வகுப்பு முழுதும் நம் முகத்தையே நோக்கியது.

"அம்மா, இரு தரப்பாரின் கூற்றுகளுள் எது மெய் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அவர் உழைப்பால் தொழிலாளர் பலர் வாழ்வு பெற்றனர், அந்நன்மை அழியாது. ஒருவரிடத்தில் ஒரு குறை இருப்பினும், அவர் செய்த நன்மையை மறத்தல் ஆகாது. வீட்டிலும் அப்படித்தான்" என்றோம். குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன.

பெற்றோர்களே! உம் பிள்ளைகள் உம்மை வெறுப்பதில்லை. உமக்காக நாணுகின்றனர், உமக்காக அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பாடப் புத்தகத்தின்மேல் படிந்துவிடுகிறது. மாலையில் மதுவுக்குச் செலவாகும் வெள்ளி, ஒரு பிள்ளையின் புத்தகத்திற்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் போதும். இதனை ஏசுவதற்காக எழுதவில்லை. உங்களுள் ஒருவராக இருந்து வேண்டுகிறோம்.

மாணவச் செல்வங்களே! கிராணியின் மகன் கல்வியால் ஆசிரியராகி, அதிபருமானார். பால் வெட்டுவோரின் பிள்ளைகளாகிய உங்களுக்கும் அவ்வழி திறந்தே இருக்கிறது. உயரம் ஏறுங்கள், ஏறிய பின்னும் உங்களைக் காத்துக் கொள்ளுங்கள்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!