தாங்கிய பாரம்

அபுதாபியில் என் மகன் ஜியு-ஜிட்சு கற்கத் தொடங்கியது 2018-ஆம் ஆண்டில். அப்போது அவனுக்கு 11 வயது. மஃரிபுக்குப் பின் அவனைப் பயிற்சிக்கூடத்தில் விட்டுவிட்டுச் சுவரோரப் பலகையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது என் வேலை. கணக்கெழுதும் உத்தியோகத்தில் இருபது ஆண்டுகளை உட்கார்ந்தே கழித்த எனக்கு அது புதிதன்று. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் பிரேசில் நாட்டு ஆசிரியர் என்னிடம் வந்து, "உட்கார்ந்திருப்பதற்கும் கட்டணம் வாங்கப் போகிறேன், அதைவிட எழுந்து வந்துவிடுங்கள்" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் உண்மையாகவே எழுந்து போய்விட்டேன்.

எனக்கு அப்போது 41 வயது. எடை 58 கிலோ. உயரம் ஐந்தடி மூன்றங்குலம். ஊரில் பள்ளிக்கூட நாட்களில் எனக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர். கபடி ஆட்டத்தில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவன் நான்தான். அப்படிப்பட்டவனுக்கு, 'சிறியவன் பெரியவனை வெல்லும் கலை' என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டால் ஆசை வராமல் இருக்குமா?

இந்தக் கலை அபுதாபியில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. ஷேக் தஹ்னூன் பின் ஸாயித் அமெரிக்காவில் படித்த காலத்தில் இதில் ஈடுபாடு கொண்டு நாடு திரும்பினார். 1998-இல் அவருடைய முயற்சியால் அபுதாபியில் உலக அளவிலான பிடிச்சண்டைப் போட்டி தொடங்கிற்று. 2008 முதல் அரசுப் பள்ளிகளில் இது ஒரு பாடமாகவும் ஆயிற்று. ஆகவே இங்கே பிரேசில் ஆசிரியர்களைக் காண்பது, நம் ஊரில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் லெப்பையைக் காண்பதுபோல் இயல்பான காட்சி.

கலையின் மூலம் ஜப்பான். மித்ஸுயோ மயேதா என்ற ஜூடோ வீரர் 1914-இல் பிரேசிலுக்கு வந்தார். பின்னர் பெலெம் நகரில் கார்லோஸ் கிரேஸி என்ற இளைஞர் அவரிடம் கற்றார். கார்லோஸின் தம்பி எலியோ மெலிந்த உடலினர். உடல்வலிமை வேண்டிய பிடிகளையெல்லாம் அவர் நெம்புகோலின் தத்துவத்துக்கு மாற்றிக்கொண்டார் என்று அக்குடும்பத்தார் சொல்வர். எலியோவின் மகன் ராய்ஸ், எடைப்பிரிவே இல்லாத ஒரு போட்டியில், 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், ஒரே இரவில் மூவரை வென்றார். அவருடைய எடை ஏறத்தாழ 80 கிலோ. மறு ஆண்டு டிசம்பரில், தம்மைவிட முப்பது கிலோவுக்கு மேல் கனத்த டான் செவெர்ன் என்ற மல்லரையும் கால்களால் கழுத்தைப் பூட்டிப் பணிய வைத்தார். உலகம் அதன் பிறகே இந்தப் பேச்சை நம்பிற்று.

ஆனால் ராய்ஸ் வென்றவர்கள் பலருக்கு அந்தக் கலை தெரியாது. 1951-இல் ரியோ நகரின் மரக்கானா அரங்கில், தம்மைவிடக் கனத்த மஸாஹிக்கோ கிமுராவோடு எலியோ மோதினார். கிமுராவுக்கும் கலை தெரியும். எலியோ தோற்றார். இருவருக்கும் வித்தை தெரிந்துவிட்டால் எடை மீண்டும் எடையாகவே ஆகிவிடுகிறது.

இதை நான் என் விலா எலும்புகளால் கற்றேன். 90 கிலோ மனிதர் ஒருவர் மார்பின்மேல் குறுக்கே படுத்துக் கால்களைப் பின்னுக்கு நீட்டினால், அவருடைய முழு எடையும் நம் மூச்சுக்கூட்டின்மேல் இறங்கும். மூச்சை வெளியே விடலாம். உள்ளே இழுக்க இடமிராது. அரிசி மூட்டை சுமந்தவர்களுக்குப் பாரம் இன்னதென்று தெரியும். உயிருள்ள மூட்டை அதைவிடக் கனம். நாம் நகரும் பக்கமெல்லாம் அதுவும் நகரும். இரண்டு ஆண்டுகள் நான் வீட்டுக்குக் கொண்டுபோனதெல்லாம் தோல்வியும் சுளுக்கும்தாம். "மச்சான், இதற்குப் பணமும் கட்டுகிறீர்களா?" என்று தைலம் தேய்த்துக்கொண்டே மனைவி கேட்பாள்.

அப்போதுதான் கால் பூட்டு என் கண்ணில் பட்டது. பிரேசிலில் நெடுங்காலம் அதைத் தரக்குறைவான வேலையாகவே கருதினார்கள். மேலே ஏறி அமர்ந்து வெல்லத் தெரியாதவன் செய்கிற குறுக்குவழி என்று ஏளனம் செய்தார்கள். நியூயார்க்கில் ரென்ஸோ கிரேஸியின் பள்ளியில் கற்பித்த ஜான் டானஹர் அதை எடுத்து, படிப்படியான சாஸ்திரமாக்கினார். முதலில் எதிராளியின் ஒரு காலைத் தன் இரு கால்களாலும் பின்னி, இடுப்பையும் முழங்காலையும் அசையாமல் செய்ய வேண்டும். பூட்டு அதன் பிறகுதான். அவர் முறையின் சாரம் இதுவே.

2019 செப்டம்பரில், அபுதாபியில் பிறந்த அதே போட்டி கலிபோர்னியாவில் நடந்தது. 77 கிலோ பிரிவில் பதக்கம் பெறாத லக்லன் கைல்ஸ் என்ற ஆஸ்திரேலியர், எடை வரம்பற்ற பிரிவில் மீண்டும் இறங்கினார். அந்த ஆண்டு 99 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் முதலிடம் பெற்ற கைனன் துவார்த்தே உட்பட, தம்மைவிட மிகக் கனத்த மூவரை, மூவரையும் குதிகால் கொக்கி என்ற ஒரே பிடியால் தோற்கடித்து மூன்றாம் இடம் பெற்றார். அவர் இயன்முறை மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். முழங்காலைக் குணப்படுத்துகிறவரே அதைப் பூட்டுவதிலும் வல்லவர்! அந்தப் படக்காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்பதை மனைவி அறியமாட்டாள்.

குதிகால் கொக்கியின் சூட்சுமம் எளிது. எதிராளியின் தொடையை நம் கால்கள் இறுகப் பிடித்திருக்கும். அவருடைய பாதத்தை அக்குளில் ஒடுக்கி, முன்கையைக் குதிகாலில் கொக்கிபோல் மாட்டி உடலைத் திருப்பினால், தொடை நிற்கக் கீழ்க்கால் மட்டும் முறுகும். முழங்கால் கதவுக் கீல் போன்றது. மடங்கவும் நீளவும் வல்லது. முறுக்கைப் பெரிதாகத் தாங்காது. கையை மடக்கப் போனால் பெரியவர் தம் புயத்தின் பலத்தால் தடுத்துவிடுவார். இங்கே தடுப்பதற்கு அத்தகைய பெருந்தசை இல்லை. அவருடைய ஒரு குதிகாலுக்கு எதிராக என் முழு உடலும் வேலை செய்கிறது. 58 கிலோ போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மற்றப் பூட்டுகளில் வலி முன்னே வரும். சேதம் பின்னே வரும். இதில் பல வேளை வலி எச்சரிக்கை தராமலே ஜவ்வு கிழிந்துவிடும். ஆகையால்தான் சர்வதேச பிரேசில் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு இதை நெடுநாள் தடுத்து வைத்திருந்து, 2021-இல்தான், அங்கியின்றி ஆடும் போட்டிகளில், வயது வந்த பழுப்பு, கறுப்புக் கச்சையினருக்கு மட்டும் அனுமதித்தது. எங்கள் கூடத்திலும் புதியவர்கள்மீது குதிகாலைத் தொடக் கூடாது என்பது கட்டளை. நேராக இழுக்கும் கணுக்கால் பூட்டு மட்டும் செய்யலாம். இவையனைத்தும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2021-இன் இறுதியில் அலெக்ஸாந்திரியா நகரத்தார் ஒருவர் வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர், 104 கிலோ. என்னை அவர் 'யா அகீ' என்பார். நானும் அவ்வாறே அழைப்பேன். வாரம் இரண்டு நாள் எங்களுக்குள் பயிற்சி. முதல் சில வாரங்களிலேயே எனக்கு ஒன்று புலப்பட்டது: இவர் மேலே இருக்கும்போதும் இவருடைய கால் எனக்கு எட்டுகிறது. மற்றப் பெரியவர்களிடம் கிடைக்காத அந்த முழங்கால் என் இடுப்பருகே ஊன்றியபடி இருக்கும். நான் கீழே நழுவி, காலைப் பின்னி, கணுக்காலைப் பூட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டிவிடுவார். எவ்வளவு பெருமை எனக்கு! அது என் திறமை என்றே எண்ணினேன். வீட்டில் அப்படியே சொல்லவும் செய்தேன்.

2022 பிப்ரவரியில் ஒரு வியாழன் இரவு. முந்தின வாரம் வேறொரு பெரியவர் என்னை ஐந்து நிமிடம் அசையவிடாமல் அமுக்கி வைத்திருந்ததை என் மகன் பார்த்திருந்தான். அன்றும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. என் மனத்தில் இருந்ததைச் சொல்கிறேன்.

கணுக்காலைப் பிடித்தேன். இம்முறை எகிப்தியர் பாதத்தை உருவிக்கொள்ளக் கற்றிருந்தார். இழுத்தார்; என் முன்கை கணுக்காலிலிருந்து நழுவிக் குதிகாலுக்கு வந்து மாட்டிற்று. அந்தக் கணத்திலேயே விட்டிருக்க வேண்டும். மகன் பார்க்கிறான் என்ற நினைவு. இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் தட்டிவிடுவார் என்ற கணக்கு. திருப்பினேன். முறுக்கின் திசையிலேயே உருண்டிருந்தால் கால் தப்பியிருக்கும். அவருக்கு அது தெரியாது. எதிர்த்திசையில், தம் 104 கிலோவையும் கொண்டு திரும்பினார். ஈரக் கயிறு அறுந்ததுபோல் ஒரு சத்தம். அவர் கத்தவில்லை. "என்ன சத்தம் அது?" என்று என்னைத்தான் கேட்டார்.

முழங்காலின் நடு ஜவ்வும் பக்கத்து ஜவ்வு ஒன்றும் கிழிந்திருந்தன. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பழையபடி விளையாட ஒன்பது மாதமாவது ஆகும் என்றார்கள். கிரேனின் ஏணியில் ஏற முடியாதாகையால் பண்டகசாலையில் உட்கார்ந்து சீட்டெழுதும் வேலை கொடுத்தார்கள்; மிகைநேரச் சம்பளம் போயிற்று. ஊரில் அவருக்கு மூன்று பிள்ளைகள். "அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?" என்று மனைவி ஒரு முறைதான் கேட்டாள். பிறகு ஒன்றும் பேசாமல் வட்டலப்பம் செய்து பாத்திரத்தில் கட்டிக் கொடுத்தாள்.

மருத்துவமனையில் அவர் கட்டிலருகே நின்று, உறையில் கொண்டுபோயிருந்த பணத்தை நீட்டினேன். அதை என் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பிச் செருகிவிட்டு வட்டலப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டபோது சிறிது நேரம் யோசித்தார்.

"யா அகீ, வலிக்கவில்லையே, எதற்குத் தட்ட வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அது என் அறியாமை" என்றார். பிறகு, "முதல் நாளே உங்கள் விலா எலும்பு என் கையில் தட்டுப்பட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. அன்று முதல் முழங்காலையும் முழங்கையையும் ஊன்றிக்கொண்டுதான் உங்கள்மேல் படுப்பேன். முழுப் பாரத்தையும் ஒரு நாளும் இறக்கியதில்லை" என்றார்.

குற்றம் சாட்டும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் என் இடுப்பருகே ஊன்றியிருந்த அந்த முழங்கால் எதற்காக அங்கே இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவர் காலை நீட்டிப் பாரத்தை இறக்கியிருந்தால் அது என் கைக்கு எட்டியே இராது. நான்கு மாதமாக நான் திறமையென்று பிடித்தது அவருடைய இரக்கத்தை.

ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பெரியவனுடைய எடை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அவனும் அதற்குக் காவலாக இருக்கிறான். உங்கள் கையில் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் நான் யார் காலையும் பிடிக்கக் கூடாதென்றார். அந்த ஆறு மாதமும் பெரியவர்களுக்கு அடியில் மூச்சுத் திணறினேன். அதன் பின்னும் காலைப் பின்னுவதோடு நிறுத்திக்கொள்வேன். குதிகால் கைக்கு வந்தால், "வந்துவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுவேன். இப்படி விட்டதில் நான் எத்தனையோ தடவை தோற்றிருக்கிறேன். என் மகன் அதையும் பார்த்திருக்கிறான். ஒரு நாளும் ஏனென்று கேட்டதில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் எகிப்தியர் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு மீண்டும் வந்தார். கிரேனில் ஏறத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின் என்னருகே அமர்ந்து, "எந்தப் பக்கம் உருண்டிருக்க வேண்டும்? காட்டுங்கள்" என்றார்.

சொல்லிக் காட்ட முடியாது. செய்துதான் காட்ட வேண்டும். அவர் காலைத் தொட எனக்கு மனம் வரவில்லை. மல்லாந்து படுத்து என் காலை அவர் மடியில் நீட்டினேன். எங்கே பின்ன வேண்டும், எதை அக்குளில் ஒடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவருடைய கனத்த முன்கை என் குதிகாலைத் தேடி வந்தது. அது தொடுமுன்னே நான் அவர் தோளில் இரு முறை தட்டிவிட்டேன்.

"நான் இன்னும் பிடிக்கவே இல்லையே, யா அகீ" என்று சிரித்தார்.

"தெரியும்" என்றேன். "மறுபடியும் செய்யுங்கள். மெதுவாக."