பால்மரம் கப்பலேறும் துறை

பால்மரப் பலகையை ரம்பத்தில் கொடுத்ததும் ஒரு புளித்த வாடை கிளம்பும். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். போர்ட் கிள்ளானை ஒட்டிய தெலுக் கோங்கில், ஒரு பேலட் பட்டறையில் காலை வைத்ததும் அந்த வாடைதான் முதலில் வந்தது.

“முப்பது வருசம் பால் குடுத்த மரம் தம்பி, வாடை அவ்வளவு லேசுல போயிடுமா?” என்றார் பட்டறையின் மேற்பார்வையாளரான மண்டோர். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியானதும் குடும்பம் கிள்ளானுக்கு வந்தது. அதன்பின் அவருக்கு மரப்பட்டறைகளிலேயே தலை நரைத்துவிட்டது.

பேலட் என்பது சரக்கை அடுக்கும் மரத் தட்டு. 2023இல் போர்ட் கிள்ளான் கையாண்டது ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் இருபதடிக் கொள்கலன்களுக்குச் சமமான சரக்கு. அந்தப் பெட்டிகளுக்குள் எத்தனையோ பொருள்கள் இந்தத் தட்டின் மேல்தான் உட்கார்ந்து போகின்றன. ஆசியாவில் அதிகம் புழங்கும் ஓர் அளவு 1,100க்கு 1,100 மில்லிமீட்டர். கொள்கலனின் உள் அகலம் சுமார் 2,350. இரண்டு தட்டுகள் அருகருகே நின்றும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

வேலையை அருகில் நின்று பார்த்தேன். இரும்புச் சட்டத்துக்குள் மூன்று தாங்குகட்டைகளைக் கிடத்துகிறார் ஒரு நேப்பாள இளைஞர். மேலே பலகைகளை இடைவெளி விட்டுப் பரப்பி, காற்றழுத்தத் துப்பாக்கியால் ஆணி இறக்குகிறார். ஒரே நார்வரிசையில் இரண்டு ஆணி விழக் கூடாது, விழுந்தால் கட்டை பிளந்துவிடும். ஆணியின் உடம்பில் திருகு வரி ஓடுகிறது. ஈர மரம் காயும்போது சுருங்கும். வழவழப்பான ஆணி என்றால் அப்போது தளர்ந்துவிடும், திருகாணி பிடியை விடாது. முடிந்த தட்டை மண்டோர் ஒரு மூலையில் நிறுத்தித் தரையில் தட்டிப் பார்க்கிறார். நான் நிற்கும்போதே ஒன்றை ஒதுக்கினார். புரட்டிப் பார்த்தால், அடிப்பலகையில் நக அகலத்துக்கு ஒரு வெடிப்பு. ஓசையை வைத்தே பிடித்துவிட்டார்.

ஏற்றுமதிக்குப் போகும் தட்டு அடுத்ததாகச் சூட்டறைக்குப் போகிறது. தடித்த கட்டை ஒன்றில் துளையிட்டு, வெப்பம் அளக்கும் கம்பியை நடுப்பகுதி வரை செருகுகிறார்கள். மரத்தின் மையம் 56 டிகிரி செல்சியஸை எட்டி, 30 நிமிடம் குறையாமல் நிற்க வேண்டும். பிறகுதான் முத்திரை: கோதுமைக் கதிர்ச் சின்னம், மலேசியாவுக்கு ‘எம்.ஒய்.’, பட்டறையின் எண், சூடேற்றியதற்கு ‘எச்.டி.’

2002இல் வந்த ஐ.எஸ்.பி.எம். 15 என்னும் உலக விதி இது. சரக்கு மரத்துக்குள் பூச்சி பயணம் செய்யும் என்பதைப் பல நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டன. 1996இல் நியூயார்க்கின் புரூக்லினில் ஆசிய நீள்கொம்பு வண்டு அகப்பட்டது. 2002இல் டெட்ராய்ட் அருகே மரகத நிற வண்டு ஒன்று தென்பட்டது. மரம் அறுத்துச் செழித்த மிச்சிகன் மாநிலத்திலும் அதைத் தாண்டியும் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அது கொன்றுவிட்டது. தெலுக் கோங்கின் சூட்டறையில் யாரோ அரை மணி நேரம் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்கோ ஒரு காட்டைக் காக்கிறது. இதை வெறும் கூலி வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பால்மரம் பலகையானதும் பழைய கதையல்ல. 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் ஒரு காலத்தில் விறகாகவே போயிற்று. மாச்சத்து மிகுந்த மரம் என்பதால் வெட்டிய சில நாளில் நீலப்பூசணம் படரும், வண்டு துளைக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை கைவந்தபின் நிலைமை மாறியது. கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகம் இந்த மரத்தில் நிறைய உழைத்திருக்கிறது. 1980களிலிருந்து அது நாற்காலியும் மேசையுமாகி உலகமெங்கும் போகிறது. கணு விழுந்ததும் கோணியதும் இந்தப் பட்டறைக்கு வந்து சேருகின்றன.

1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட துறைமுகம் இது. 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. நம்மவர்கள் வெட்டிய பால் ரப்பராகிக் கப்பலேறிய அதே துறையில் இப்போது மரமே ஏறுகிறது. மண்டோரின் அம்மா சீவிய மரங்களும் இப்படி எங்கோ போயிருக்கலாம். அவரிடம் அதைச் சொன்னேன். “அம்மா இருந்தா சந்தோசப்பட்டிருக்கும்” என்றார்.

அவருடைய இடது கையில் சுண்டுவிரல் நுனி இல்லை, ரம்பம் எடுத்துக்கொண்டது. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் காப்புக்குள் வந்துவிட்டார்கள், நல்ல காரியம். ஆனால் நான் பார்த்த ஆறேழு பேரில் காதடைப்பான் போட்டிருந்தவர் ஒருவர்தான். ஆணித் துப்பாக்கியின் சத்தத்தில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும்.

“நம்ம பிள்ளைங்க யாரும் இந்த வேலைக்கு வர்றதில்ல தம்பி. மரம் எந்தப் பக்கம் வளையும், எங்க பிளக்கும்னு பார்த்ததும் தெரியணும். இவனுக்குச் சொல்லிக் குடுத்தேன், இப்பதான் பிடிபடுது.” நேப்பாள இளைஞரைக் காட்டினார். அவருடைய பெர்மிட் அடுத்த ஆண்டோடு முடிகிறது. புதிதாக வருகிறவருக்கு, எந்த நார்வரிசையில் ஆணி இறக்கக் கூடாது என்பதிலிருந்து மண்டோர் மறுபடியும் தொடங்க வேண்டும்.