இரண்டு க்ளாவர்

அம்மா போன பிறகு அப்பா தினமும் ராத்திரி போன் பண்ணுவார். "அங்க கரண்ட் இருக்கா?" மயிலாப்பூரில் அவர், தாம்பரத்தில் நான். "இருக்குப்பா" என்று வைத்துவிடுவேன்.

எட்டாவது மாதம், பிரிட்ஜ் ஆட வர முடியுமா என்று கேட்டார். இருபது வருஷம் அவர் எதிரில் உட்கார்ந்து ஆடியவள் அம்மா. எனக்கு ரம்மியும் இருபத்தெட்டும்தான் பழக்கம். ஒரு புத்தகத்தைப் பாதி படித்துவிட்டுப் போனேன்.

முதல் நாளே அது நடந்தது. நான் ஒரு டைமண்ட் என்று ஏலத்தைத் தொடங்கினேன். அப்பா ஒரு ஹார்ட். நான் ஒரு ஸ்பேட். அப்பா இரண்டு க்ளாவர் அட்டையை வைத்தார். என் கையில் க்ளாவர் ஒன்றே ஒன்று. அவரிடம் நிறைய இருக்கும்போல, ஆடிக்கொள்ளட்டும் என்று பச்சை அட்டையை வைத்தேன். பாஸ்.

அவரிடம் மூன்றுதான் இருந்தது. மீதி ஒன்பதும் எதிராளிகளிடம். அதுதான் துருப்பு! எட்டுப் பிடி எடுக்க வேண்டியவர் ஆறு எடுத்தார். எங்களுக்கு மைனஸ் 100. அதே சீட்டுகளுக்கு மற்ற மேஜைகளில் நாலு ஹார்ட் கேட்டு 420 வாங்கியிருந்தார்கள்.

மூன்று இனங்களைச் சொல்லி முடித்த பின் நான்காவதைச் சொன்னால், அது அந்த இனத்தைப் பற்றிய பேச்சே இல்லை. 'கேமுக்குப் பலம் இருக்கிறது, எதில் என்று தெரியவில்லை, உன் கையைப் பற்றி இன்னும் சொல்' என்று அர்த்தம். கேம் வரும்வரை இருவரும் நிறுத்தக் கூடாது. என்னிடம் மூன்று ஹார்ட் இருந்தது. இரண்டு ஹார்ட் என்றிருந்தால் போதும், அவருடைய ஐந்தோடு சேர்ந்திருக்கும்.

இங்கிலாந்தின் நார்மன் ஸ்கொயர் கொண்டுவந்த வழி இது. நேராகக் கேட்டால் என்ன என்று தோன்றும். பதின்மூன்று சீட்டை விவரிக்க மொத்தம் 35 ஏலங்கள்தான் இருக்கின்றன. போதாததற்கு, 1925இல் வாண்டர்பில்ட் வகுத்த கணக்கில், பத்துப் பிடி எடுத்தாலும் கேட்டது குறைவென்றால் கேம் கிடையாது.

ஆட்டோவில் திரும்பும்போது அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிக் குடுத்திருக்கலாமேப்பா."

"உங்கம்மாவுக்கு நான் எதுவும் சொன்னதில்லைடா. தெரிஞ்சுக்குவா."

வீட்டுக்குப் போனதும் அம்மாவின் பால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பக்கங்களில் அவள் கையெழுத்து: 'இவர் நாலாவதைச் சொன்னா அது க்ளாவர் இல்ல, கேள்வி. பாஸ் பண்ணாதே.' அடியில் இரண்டு கோடு. அவளும் ஒருநாள் பாஸ் பண்ணியிருக்கிறாள்!

மறுநாள் ராத்திரி போன் வந்தது.

"அங்க கரண்ட் இருக்கா?"

"இருக்குப்பா" என்றேன். போனை வைக்கவில்லை.